ரூபாய்க்கு ஆறு பை

ராசாத்தாள் வருகிற வேகத்தைப் பார்த்து, இட்டேரிப் பாதையில் எதிரே வந்த இரண்டு பேர் வேலியோரம் ஒதுங்கி நின்றார்கள். மடி நிறைய அவரைக்காய், வலது கையில் கோர்ட்டுக் கார்டு. தபால்காரர் அதைப் படித்துச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பறித்த காயைக் கூடையில் கொட்டவும் பொறுமையில்லாமல் அப்படியே கிளம்பிவிட்டாள். தை மாசத்துப் பனி விலகி, வெயில் அப்போதுதான் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க அம்மணி, மொதலாளி இருக்காருங்களா?"

அவள் போட்ட சத்தத்தில் வாசலில் கட்டியிருந்த எருமை தலையைத் தூக்கிப் பார்த்தது. எத்தனை கோபம் வந்தாலும் எங்கள் பக்கத்தில் 'ங்க' மட்டும் குறையாது. வைவதானாலும் மரியாதையாகத்தான் வைவோம். வெளியூர்க்காரர்கள் அதை நம்பி ஏமாந்து போவதுண்டு.

ராமாமணி உள்ளே உட்கார்ந்து விதைக்கடலை தொலித்துக்கொண்டிருந்தாள். படிக்கு இத்தனை என்று கூலி. ஓட்டைக் கட்டைவிரலால் அமுக்கும்போது பருப்பின் மேல்தோல் கீறக் கூடாது. கீறினால் முளைக்காது, கூலியும் கிடையாது. நாலு வருசத்துக்கு முன்பு வரை பதினாறு மிசின் ஓடிய, பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் பேக்டரியின் முதலாளியம்மாள் அவள். இப்போது அன்னூருக்குக் கிழக்கே இந்த வாடகை வீட்டில், விரல் நுனியெல்லாம் காய்த்துப் போய், நாளைக்கு எட்டுப் படி தொலிக்கிறாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் புலம்பியதில்லை.

"வாங்கக்கா. அவரு எடை போடப் போயிருக்காருங்க. உக்காருங்க, தண்ணி குடிங்க."

"தண்ணி இருக்கட்டுங்க. கார்டு வந்துருக்குதுங்க. ரூவாய்க்கு ஏழே முக்காலணாத்தான் வருமாமா. வெள்ளிக்கெழமை கோர்ட்டுல கடேசி விசாரணையாமா. மிச்சத்த எவுங்க தின்னுபோட்டாங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

ராமாமணியின் கை கடலையின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

"எத்தனைங்க? எட்டணா இல்லீங்களா?"

"ஏழே முக்காலுங்க."

அந்தக் காலணாவில் அவள் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் அவள் புருசன் வெங்கடபதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெங்கடபதி கடைந்தெடுத்த மரியாதைக்காரர். எருமைக்குக்கூட 'தள்ளி நில்லுங்க' என்று சொல்லக்கூடியவர் என்று ஊரில் கேலி உண்டு. பம்பாய் வியாபாரிக்கு நாலு தடவை பஞ்சு அனுப்பிவிட்டு, பணம் எங்கே என்று கேட்டு எழுதக் கூச்சப்பட்டார். கடைசியில் கேட்டு எழுதியபோது அந்த வியாபாரி ஓடிப்போயிருந்தார். ஐம்பத்தைந்தாம் வருசம் வெங்கடபதி 'மஞ்சக் கடுதாசி' கொடுத்துவிட்டார். கடனைக் கட்ட முடியவில்லை, இருக்கிற சொத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கோர்ட்டில் கொடுக்கிற மனுவுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. திருமலைசாமி என்ற பெரிய வக்கீலைக் கோர்ட்டு ரிசீவராகப் போட்டது. அவர் பேக்டரி, மிசின், ஆயில் இஞ்சின், குடியிருந்த வீடு எல்லாவற்றையும் ஏலத்தில் விற்றார். செலவு போக மிச்சத்தைக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் பாக்கி.

இதில் ஒரு சட்டம் உண்டு. கடன்காரர்களுக்கு ரூபாய்க்கு எட்டணாவாவது, அதாவது பாதியாவது, கிடைத்தால்தான் திவாலானவனுக்கு ஜட்ஜ் முழு விடுதலை கொடுப்பார். ஒரு தம்பிடி குறைந்தாலும் கிடையாது. விடுதலை இல்லாதவன் பழைய கதையைச் சொல்லாமல் ஐம்பது ரூபாய்க்கு மேல் யாரிடமும் கடன் வாங்கக் கூடாது, மீறினால் ஜெயில். கதையைச் சொன்னால் யார் கொடுப்பார்கள்? அவிநாசி ரோட்டுப் பக்கம் மூடிக் கிடக்கும் பத்து மிசின் ஜின்னிங் ஒன்றை வெங்கடபதிக்குக் குத்தகைக்கு விட அதன் சொந்தக்காரர் சம்மதித்திருந்தார். "தை முடியறதுக்குள்ள விடுதலைக் காயிதத்தைக் கொண்டாந்து காட்டுங்க. இல்லாட்டி வேற ஆளுக்கு உட்டுருவனுங்க" என்று மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார். தை முடியப் பதினோரு நாள் இருந்தது.

ராசாத்தாள் அந்தப் பழைய பேக்டரியில் பஞ்சு பொறுக்கியவள். பருத்தியில் இருக்கும் கொறண்டையும் தூசியும் பொறுக்கிச் சுத்தம் செய்தால் கூடைக்கு ஆறு பைக் காசு கூலி. சந்தைச் செலவு போக மிச்சத்தை முதலாளியிடமே போட்டு வைத்தாள், தன் ஒண்ணரை ஏக்கர் மேட்டாங்காட்டில் கிணறு ஆழப்படுத்த. அது முந்நூற்றி இருபது ரூபாய் ஆனபோது பேக்டரியே போய்விட்டது. கடன்காரர் பட்டியலில் அவள் நாற்பத்தொன்றாம் நம்பர்.

மத்தியானம் வெங்கடபதி வந்தார். யாரோ ஒருவருடைய சரக்குக் கிட்டங்கியில் நிலக்கடலை எடை போட்டுவிட்டு, தலையெல்லாம் தூசியோடு. ராகிக் களியும் கொள்ளுப் பருப்பும் அவர் முன்னால் ஆறிக்கொண்டிருந்தன. கார்டைப் படித்தார். மடித்து வைத்தார்.

"செரி. நம்ம ராசி அவ்வளவுதான்."

"ராசி இருக்கட்டுங்க மொதலாளி" என்றாள் ராசாத்தாள். "எம்பத்தஞ்சாயிரத்துக்கு மேல வித்துச்சுன்னு ஊரே சொல்லுது. ஒண்ணரை லட்சம் சில்லறை கடன். அப்ப எட்டணாவுக்கு மேல வரோணுமில்லீங்க? வித்தவரு பீசு எவ்வளவு எடுத்தாரு, வக்கீலு எவ்வளவு எடுத்தாருன்னு கேட்டீங்களா?"

வெங்கடபதி பதறிப்போனார். "அதெப்படீங்க கேக்கறது? பெரிய மனுசங்க. அவிங்க வாங்கற பீசப் போயி நாம கேட்டா நல்லாவா இருக்குமுங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. வைத்தியருக்கோ வக்கீலுக்கோ கொடுப்பதை வெற்றிலைக்குள் மடித்து, இரண்டு கையாலும் நீட்டி, வேறு பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். அவரும் எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார், நாம் தெருமுனை திரும்பிய பிறகு எண்ணுவார். எவ்வளவு என்று வாய்விட்டுக் கேட்டவன் வம்சத்தையே நாலு தலைமுறைக்குக் கேலி பேசுவார்கள்.

"நீங்க கேக்க வேண்டாமுங்க. நான் கேக்கறனுங்க" என்று எழுந்தாள் ராசாத்தாள்.

"நானும் வாரனுங்க" என்றாள் ராமாமணி. சொன்ன பிறகு அவளே திகைத்துப்போனாள். வெங்கடபதி கையைக் களியிலிருந்து எடுத்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்குதான். அவளும் தெலுங்கில் திருப்பிச் சொன்னாள். ராசாத்தாளுக்கு அர்த்தம் புரியவில்லை, ஆனால் ஜெயித்தது யார் என்பது புரிந்தது.

புதன்கிழமை காலை, டவுனுக்குப் போகிற முதல் பஸ். கடன்காரியும் கடன்பட்டவர் பெண்டாட்டியும் ஒரே சீட்டில். ஊரில் யார் பார்த்தாலும் சிரிப்பார்கள், சிரித்தார்கள். ராசாத்தாள் தூக்குப்போசியில் கம்பஞ்சோறும் மோரும் கொண்டு வந்திருந்தாள். கோவில்பாளையம் தாண்டும்போது பனிக்குள் சோளத்தட்டுப் போர்கள் தெரிந்தன. ஜன்னல் வழியாக அடித்த காற்றில் இருவரும் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார்கள்.

"பயமா இருக்குதுங்களா அம்மணி?"

"ஆமாங்க்கா."

"எனக்கும் இருக்குதுங்க. ஆனா ருசியாவும் இருக்குதுங்க. திருவிழாவுக்குப் போற மாதிரி."

ராமாமணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவளுக்குத் தெரிந்த ஒன்று ராசாத்தாளுக்குத் தெரியாது. முழு விடுதலை கிடைத்தால், கடன்காரர்கள் மிச்ச எட்டணாவை ஆயுசுக்கும் கேட்க முடியாது. வக்கீல் இதை முதல் நாளே அவளுக்கும் அவள் புருசனுக்கும் விளக்கிச் சொல்லியிருந்தார். ராசாத்தாளோ, முதலாளி மறுபடி தலையெடுத்தால் பாக்கியைக் கட்டத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இதைச் சொல்ல வேண்டும் என்று ராமாமணி சரவணம்பட்டியில் நினைத்தாள். கணபதியில் நினைத்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகும் சொல்லவில்லை.

வக்கீல் சுந்தரராஜுலு, வெங்கடபதிக்காக ஆரம்பத்திலிருந்து ஆஜரானவர். விசயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"ரிசீவர் கமிசனை எல்லாம் போய்ப் பாக்கறதா? திருமலைசாமி என்ன நெனைப்பாரு? வேண்டாம்மா. மரியாதையா இருக்காது."

அவர் உள்ளே போனதும், வாசல் மேசையில் உட்கார்ந்திருந்த அவருடைய குமாஸ்தா ஐயாசாமி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து வந்தார். ஒல்லியான மனுசர், முப்பது வருசமாகக் கோர்ட்டு வராந்தாவிலேயே நடந்து செருப்பைத் தேய்த்தவர்.

"மரியாதை வேற, மனு வேறங்க" என்றார் மெதுவாக. "யாரு யாருக்கு எவ்வளவு பீசு குடுத்தாங்கங்கறது கோர்ட்டுக் கட்டுல இருக்குதுங்க. முக்கால் ரூவா ஸ்டாம்பு ஒட்டி மனுப் போட்டா யாரு வேணும்னாலும் பாக்கலாம். இத்தனை வருசத்துல எவனும் போட்டதில்லீங்க. கூச்சம்."

"எனக்குக் கூச்சமில்லீங்க" என்று ராசாத்தாள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள்.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கோர்ட்டுப் பதிவறையில் கட்டு வந்தது. சிவப்பு நாடா கட்டிய, ஒரு சாண் உயரக் காகிதக் கட்டு. பதிவறைக்காரர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார், தாளைக் கிழித்துவிடுவார்களோ என்று. எல்லாம் இங்கிலீஷ். ஐயாசாமி ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஏலம் போட்டவருக்கு எழுநூத்தி அம்பதுங்க."

"அடேங்கப்பா! மூணு தடவை சுத்தியல தட்டினதுக்குங்களா?"

"கணக்கு ஆடிட்டருக்கு ஆறுநூறு. பேப்பர்ல விளம்பரம் முந்நூறு. பெரிய கடன்காரங்களான மில்லுக்காரங்க பக்கம் வக்கீலுக்கு எட்நூறு. பேக்டரிக்குக் காவல் இருந்தவனுக்கு ஐநூறு."

"அவன் தூங்கினதுக்குக் குடுத்தாங்களாட்ட இருக்குது."

பதிவறைக்காரர் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

"நம்ம சுந்தரராஜுலு வக்கீலுக்கு நூத்தி அம்பதுங்க" என்று சொல்லும்போது ஐயாசாமியின் குரல் கொஞ்சம் இறங்கியது. ராமாமணி வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தாள். "ஆக, சில்லறைச் செலவெல்லாம் மூவாயிரத்து நூறு. அப்பறம் ரிசீவர் கமிசன். சொத்து வித்தது எம்பத்தாறாயிரத்து நானூறு. அதுக்குக் கமிசன் ஐயாயிரத்து நூத்தி எம்பத்து நாலு."

"அவரா எடுத்துக்கிட்டாருங்களா?"

"அதெப்படி? ஐம்பத்தஞ்சுலயே அப்போதைய ஜட்ஜ் உத்தரவு போட்டிருக்காரு பாருங்க. கமிசன், ரூபாய்க்கு ஆறு பை."

ராசாத்தாள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

"எத்தனை பைங்க?"

"ஆறுங்க."

"நூறு ரூவாய்க்கு எவ்வளவு எடுத்துருக்காங்க?"

ஐயாசாமி ஒரு நிமிசம் கணக்குப் போட்டார். "நூத்துக்கு ஆறு ரூவாய்ங்க. செரியாத்தான் இருக்குது."

"எப்படீங்க செரி? ஆறு பைன்னா அரையணாங்க. எனக்குக் கூடைக்கு ஆறு பைதான் கூலி. நூறு கூடை பொறுக்கினா மூணு ரூவாயும் ரெண்டணாவும் வருமுங்க. கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவனுங்க. இவுருக்கு மட்டும் நூறு அரையணா எப்படீங்க ஆறு ரூவாய் ஆச்சு?"

ஐயாசாமி அவளைப் பார்த்தார். உத்தரவைப் பார்த்தார். கணக்குத் தாளைப் பார்த்தார். காதிலிருந்த பேனாவை எடுத்து, தாளின் மேல் படாமல் அந்த எண்ணுக்கு நேரே பிடித்தார். உத்தரவு ஐம்பத்தைந்தில் எழுதியது. அப்போது ரூபாய்க்குப் பதினாறணா, ஓரணாவுக்குப் பன்னிரண்டு பை. கணக்கு எழுதியது போன வருசம். அதற்குள் நயா பைசா வந்து, ரூபாய்க்கு நூறு என்று ஆகிவிட்டது. ரிசீவர் ஆபீசில் யாரோ ஒரு புதுக் குமாஸ்தா, பழைய பையைப் புதுப் பைசா என்று படித்து, ஆறு பைக்கு ஆறு பைசாவாகப் பெருக்கிவிட்டான். வக்கீல்கள், ஆடிட்டர், ரிசீவர் எல்லோரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் ஆயுசில் பைக் கணக்கில் கூலி வாங்கியவர்கள் இல்லை.

"ஐயோ, ஆமாங்க!" ஐயாசாமி கத்தியே விட்டார்.

"சத்தம் போடாதீங்க" என்றார் பதிவறைக்காரர், அவரும் எழுந்து நின்றுகொண்டு.

ஐயாசாமி ஒரு துண்டுக் காகிதத்தில் பெருக்கினார். இரண்டு தடவை அடித்து எழுதினார். சரியான கமிசன் இரண்டாயிரத்து எழுநூறு. அதிகமாக எடுத்தது இரண்டாயிரத்து நானூற்றி எண்பத்து நாலு. அதைத் திரும்பச் சேர்த்தால் கடன்காரர்களுக்குப் பிரிக்க எண்பதாயிரத்து அறுநூறு இருக்கும். மொத்தக் கடன் ஒரு லட்சத்து அறுபதாயிரம்.

"பாதி எம்பதாயிரம். அதுக்கு மேல அறுநூறு!" ஐயாசாமி பேனாவை மேசையில் போட்டார். "அம்மணி! எட்டணா தாண்டிருச்சுங்க!"

ராமாமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ராசாத்தாள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருவர் பேசியது ஒருவருக்குக் கேட்கவில்லை. பதிவறைக்காரர் கட்டை அவசரமாக நாடா போட்டுக் கட்டினார்.

வக்கீல் ஆபீசுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். சுந்தரராஜுலுவுக்குக் கணக்கைக் காட்டியதும், காலையில் பேசிய மரியாதையெல்லாம் அவருக்கு மறந்துபோனது. துள்ளி எழுந்தார். "டைப் அடிங்க ஐயாசாமி! கடன்காரங்க ஒருத்தர் ஆட்சேபணை குடுக்கட்டும், அதுதான் பலம். ராசாத்தாள்னு போடுங்க."

மனு அரை மணியில் தயாராகிவிட்டது. ராசாத்தாளுக்கு எழுதத் தெரியாது. ஐயாசாமி மைப்பெட்டியைத் திறந்து, அவள் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றினார். விரல் காகிதத்துக்கு மேலே வந்தது.

"சித்தெ இருங்க" என்றாள் ராமாமணி.

வக்கீல் கண்ணால் ஜாடை காட்டினார், பேசாதே என்று. ராமாமணி அதைப் பார்த்தாள். பார்த்தும் பேசினாள்.

"அக்கா, இதுல உங்களுக்கு ஏழே முக்கால் எட்டணா ஆவுமுங்க. அஞ்சு ரூவாதான் கூட வருமுங்க. ஆனா இவருக்கு முழு விடுதலை கெடைச்சுருமுங்க. அது கெடைச்சா மிச்சம் நூத்தி அறுவது ரூவாய நீங்க எப்பவும் கேக்க முடியாது. சட்டத்துல அழிஞ்சு போயிருமுங்க. எனக்கு முன்னாலயே தெரியுமுங்க. பஸ்ஸுல சொல்லோணும்னுதான் வந்தேன். வாய் வரலீங்க."

ராசாத்தாள் மைவிரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டே நின்றாள். "அஞ்சு ரூவாய்க்கு நூத்தி அறுவதுங்களா?"

"ஆமாங்க்கா."

"என் கெணறுங்க அம்மணி அது."

தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். "கெடுத்துட்டீங்களேம்மா!" என்று வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். புருசனுடைய தொழில், குத்தகை, தன் கடலைத்தொலி வாழ்வு எல்லாம் அந்த விரலோடு வெளியே போய்விட்டது என்றே ராமாமணி நினைத்தாள். ஆனாலும் சொன்னதற்காக அவள் வருத்தப்படவில்லை. சொல்லாமல் வாங்கியிருந்தால் திரும்பிப் போகிற பஸ்ஸில் எங்கே உட்காருவது?

ஜன்னல் வழியே பார்த்தாள். எதிரே கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் ராசாத்தாள் உட்கார்ந்து, வலது கையால் கம்பஞ்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கை விரலில் மை பட்டுவிடாதபடி தள்ளி வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் ராமாமணிக்கு ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தவள் மையை முதலில் துடைத்திருப்பாள் அல்லவா!

போசியைக் கழுவிவிட்டு ராசாத்தாள் உள்ளே வந்தாள். நேராக ஐயாசாமியிடம் போனாள்.

"மை காஞ்சுருச்சுங்க. மறுபடி ஒத்துங்க."

"அக்கா..." என்றாள் ராமாமணி.

"நீங்க அழுகாதீங்க அம்மணி, உங்களுக்காகப் போடலீங்க. தப்புக் கணக்கு தப்புக் கணக்குதானுங்க. ஆறு பைய ஆறு பைசான்னு போட்டத என் கண்ணுல பாத்துட்டுச் சும்மா போனா எனக்குச் சோறு எறங்காதுங்க. புதுக்காசு வந்த சித்திரையில, இப்ப நான் பொறுக்கற பேக்டரி மேஸ்திரி கூடைக்கு ரெண்டு பைசா குடுத்தான். மூணு குடுக்காம நகரமாட்டேன்னு நாள் பூரா நின்னு வாங்கினவ நானு. பெரியவங்கன்னா மட்டும் உட்டுருவனுங்களா?"

விரலை அழுத்தினாள். மனு தாக்கலானது.

வெள்ளிக்கிழமை. வெங்கடபதி துவைத்த சட்டையும் அங்கவஸ்திரமுமாகக் கோர்ட்டு ஹாலின் ஓரத்தில் நின்றார். இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பெரியவர்கள் பீசைக் கேட்டுவிட்டோமே என்ற வெட்கம் ஒரு பக்கம், பத்து மிசினும் ஓடுகிற சத்தம் காதிலேயே இருந்தது ஒரு பக்கம். செய்தி பரவி, கடன்காரர்கள் இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள்.

ரிசீவர் திருமலைசாமி எழுந்தபோது முகம் சிவந்திருந்தது. "பஞ்சு பொறுக்கற ஒரு பொம்பளை என் கணக்கைத் தப்புன்னு மனுப் போட்டிருக்குங்க. முப்பது வருசமாத் தொழில் பண்றேன். இது எனக்குப் பெரிய அவமானம்."

ஜட்ஜ் மனுவைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ராசாத்தாள் யாரு?" என்றார். அவள் முன்னால் வந்தாள்.

"நூறு கூடைக்கு எவ்வளவும்மா உன் கூலி?"

"பழைய கணக்குல மூணு ரூவா ரெண்டணாங்க. கூடைக்கு ஆறு பைங்க."

ஜட்ஜ் தானே ஒரு காகிதத்தை எடுத்தார். அவர் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். ராமாமணி புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். ஜட்ஜ் காகிதத்தை ரிசீவரிடம் நீட்டினார். திருமலைசாமி அதை வாங்கி நின்றபடியே பார்த்தார். அவர் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, "தப்பு எங்க ஆபீஸ்லதானுங்க" என்றார். "நான் பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன். அதிகப் பணத்தை இன்னைக்கே கட்டிடறனுங்க." நல்ல மனுசர்தான். ராசாத்தாள் பக்கம் திரும்பி ஒரு கும்பிடும் போட்டார்.

ஹாலில் சலசலப்பு எழுந்து அடங்கியது. ஜட்ஜ் எட்டணாக் கணக்கைப் படித்துச் சொல்லிவிட்டு, விடுதலை உத்தரவுக்குப் பேனாவை எடுத்தார். எழுதுவதற்கு முன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இவருக்கு முழு விடுதலை குடுத்தா, பாக்கியை நீ இவர்கிட்டக் கேக்க முடியாது. தெரியுமா?"

"தெரியுமுங்க. அந்த அம்மணி சொல்லிப்போட்டாங்க."

"யாரு, இவர் சம்சாரமா?" ஜட்ஜ் ராமாமணியை ஒரு தரம் பார்த்தார். "செரி. ஆட்சேபணை உண்டா?"

"விடுதலைக்கு ஆட்சேபணை இல்லீங்க."

ஜட்ஜ் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

"ஆனா நான் உடமாட்டேனுங்க."

பேனா நின்றது. "என்னம்மா?"

"கோர்ட்டு உடறத உடட்டுங்க. நான் உடமாட்டேனுங்க. மிசினு ஓடுனா என் நூத்தி அறுவது எனக்கு வரோணுமுங்க."

கடன்காரர்கள் சிரித்தார்கள். ஜட்ஜும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அதெல்லாம் சட்டப்படி உத்தரவுல எழுத முடியாதும்மா."

"எழுத வேண்டாமுங்க. அவரு காதுல உழுந்தாப் போதுமுங்க."

எல்லோரும் வெங்கடபதியைப் பார்த்தார்கள். நாலு வருசமாக நாலு பேர் முன்னால் தலை நிமிராத மனுசர், கைகளைக் கூப்பிக்கொண்டு நிமிர்ந்தார்.

"உழுந்துதுங்க" என்றார். ஹாலின் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.